தரையில் தங்கிய சிறுநீர் வாடையைப் போக்கும் முறை: பூனை, நாய் வளர்க்கத் தொடங்கியோருக்கு ஒரு வழிகாட்டி

டிசம்பர் மாதத்தில் நாள் முழுவதும் மழை கொட்டி, சன்னல்களையெல்லாம் அடைத்துவிட்டு வீட்டுக்குள் அடைந்து கிடக்கும்போதுதான் பல வீடுகளில் அந்த வாடை முதன்முதலில் மூக்கில் ஏறும். சோபாவுக்குப் பின்னால் பூனை போன சிறுநீரை இரண்டு வாரங்களுக்கு முன்பே துடைத்தாயிற்று, அதன்மேல் வாசனைத் திரவமும் ஊற்றியாயிற்று, வெயிலடித்த நாள்களில் ஒன்றும் தெரியவில்லை. மழை வந்ததும் அது நேற்றுதான் நடந்தது போல் திரும்பி வந்து நிற்கிறது. எங்கள் வீட்டிலும் கதை இப்படித்தான் தொடங்கியது. சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் மறுவிற்பனையில் வாங்கிய பழைய நான்கறை வீடு, வரவேற்பறையில் ஓடு, படுக்கையறைகளில் முந்தைய உரிமையாளர் பதித்துவிட்டுப் போன பார்க்கே மரத்தரை, அவற்றின் மீது சுண்டு என்ற ஓர் ஆண் பூனை. தவறான வழிகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து மூன்று மாதங்களை வீணாக்கிய பிறகே சரியான வரிசை பிடிபட்டது. அந்த மூன்று மாதங்களை நீங்களும் வீணாக்க வேண்டியதில்லை என்பதற்காக அந்த வரிசையை இங்கே எழுதுகிறேன்.

வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்ப்பதற்கு இருந்த தடை நீங்கி, 2024 செப்டம்பர் 1 முதல் ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை உரிமம் பெற்று வளர்க்கலாம் என்றாகிவிட்டது. அனுமதிக்கப்பட்ட சிறிய இனங்களில் ஒரு நாயை வளர்ப்பதற்கு முன்பிருந்தே இடமுண்டு. ஆகவே, முதன்முறையாக ஒரு விலங்கை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் இப்போது நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். பொதுத் தாழ்வாரத்தைப் பார்த்துத் திறக்கும் கதவும் சன்னலும் உள்ள வீடுகளில் இந்த வாடை நம்மோடு நின்றுவிடாமல் பக்கத்து வீட்டுக்காரர் வரை போய்விடும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாடை ஏன் போவதில்லை

உடலைவிட்டு வெளியேறிய சிறிது நேரத்துக்குச் சிறுநீர் அவ்வளவாக நாறுவதில்லை. அதில் கரைந்திருக்கும் யூரியாவைத் தரையிலுள்ள பாக்டீரியாக்கள் சிதைத்து அம்மோனியாவாக மாற்றும்போதுதான் கண்ணை எரிக்கும் அந்த நெடி பிறக்கிறது. பூனையின் சிறுநீரில் இதற்கு மேலும் ஒரு சங்கதி உண்டு. ஃபெலினைன் என்ற அமினோ அமிலத்தைப் பூனை வெளியேற்றுகிறது. அது மெல்ல மெல்லச் சிதைந்து கந்தகம் கலந்த சேர்மங்களாக மாறுகிறது. கந்தகச் சேர்மங்களை மனித மூக்கு மிகச் சிறிய அளவிலேயே கண்டுபிடித்துவிடும். கருத்தடை செய்யப்படாத ஆண் பூனையிடம் ஃபெலினைன் மிக அதிகம் என்பதால், அத்தகைய பூனை இருக்கும் வீட்டுக்குள் நுழைந்த மாத்திரத்தில் அது தெரிந்துவிடுகிறது.

நீர் ஆவியாகிப் போன பிறகு உப்புகளும் புரதங்களும் பிற கழிவுகளும் தரையின் நுண்துளைகளில் காய்ந்து ஒட்டிக்கொள்கின்றன. காய்ந்த நிலையில் அவை அடங்கிக் கிடக்கும். சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். மழை நாள்களில் அது இன்னும் ஏறும்போது அந்த உப்புகள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு நனைகின்றன, வாடையும் உயிர்பெற்று எழுகிறது. நாம் துடைத்தது நீரை மட்டுமே, மிச்சத்தை உள்ளேயே விட்டுவிட்டோம் என்பதைத்தான் மழை நமக்குக் காட்டிக்கொடுக்கிறது.

யூரிக் அமிலப் படிகங்களே எல்லாவற்றுக்கும் காரணம் என்று பல புட்டிகளின் மேல் அச்சிட்டிருப்பார்கள். உண்மையில் பூனைகளின் உடலும், டால்மேஷன் போன்ற சில இனங்கள் நீங்கலான நாய்களின் உடலும் யூரிக் அமிலத்தின் பெரும்பகுதியை அலன்டாயின் என்ற, நீரில் ஓரளவு எளிதாகக் கரையும் பொருளாக மாற்றியே வெளியேற்றுகின்றன. விளம்பரத்தின் வேதியியல் எப்படியிருந்தாலும், தரைக்குள் இறங்கியதைச் சிதைத்து வெளியே எடுக்காமல் வாடை தீராது என்ற அளவில் அவர்கள் சொல்வது சரிதான்.

முதலில் எவற்றைச் செய்யக்கூடாது

வாடை வந்ததும் நம் கை முதலில் போவது குளோராக்ஸ் போன்ற வெளுப்பு நீரை நோக்கித்தான். அதைத் தொடாதீர்கள். சிறுநீரிலிருந்து பிறக்கும் அம்மோனியாவோடு வெளுப்பு நீர் சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு உண்டாகும். காற்றோட்டமில்லாத சிறிய குளியலறையிலோ வீட்டுப் பாதுகாப்பு அறையிலோ அது நெஞ்சை அடைத்து மூச்சுத் திணறலில் கொண்டுபோய் விட்டுவிடும். வெளுப்பு நீரோடு வினிகரைச் சேர்ப்பது அதைவிட மோசம், ஏனெனில் அதிலிருந்து குளோரின் வாயுவே கிளம்பும். அம்மோனியா கலந்த கண்ணாடிக் கழுவிகளையும் ஒதுக்கிவிடுங்கள். அவற்றின் நெடி விலங்கின் மூக்குக்குச் சிறுநீரைப் போலவே இருப்பதால் அதே இடத்தில் மறுபடியும் போகச் சொல்லி அழைப்பது போலாகிவிடும்.

இரண்டாவது, டெட்டால். நம் வீடுகளில் அம்மாக்களின் காலத்திலிருந்து வாளித் தண்ணீரில் ஒரு மூடி டெட்டால் ஊற்றித் துடைப்பதுதான் சுத்தத்துக்கு அடையாளம். அதிலுள்ள குளோரோசைலெனால் பீனால் வகையைச் சேர்ந்தது. அவ்வகைப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஈரத்தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும் பூனைக்கு அது விஷம். சிராய் எனப்படும் எலுமிச்சைப்புல்லின் எண்ணெய், யூகலிப்டஸ் எண்ணெய், டீ ட்ரீ எண்ணெய் கலந்த தரைக்கழுவிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். எறும்பும் வராது, வாசமாகவும் இருக்கும் என்று நான் மாதக்கணக்கில் சிராய் எண்ணெயைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். விளைவாக, சிறுநீர் வாடையும் சிராய் வாடையும் கலந்த ஒரு மூன்றாவது வாடைதான் வீட்டில் குடியேறியது.

சாம்பிராணி போடுவதும் ஊதுபத்தி கொளுத்துவதும் கற்பூரம் ஏற்றுவதும் வெள்ளிக்கிழமைக்கு அழகு சேர்க்கும், தரையிலுள்ள சிறுநீரை ஒன்றும் செய்யாது. விருந்தாளி வாசலில் நிற்கும் பத்து நிமிடத்துக்கு அவை உதவலாம், அவ்வளவே.

நீராவிக் கருவியையும் விலக்குங்கள். வெப்பம் புரதங்களை இறுக்கி, கறையையும் வாடையையும் தரையோடு ஒட்ட வைத்துவிடும். பிரச்சினை முற்றிய பிறகு நான் அழைத்த ஒரு துப்புரவு நிறுவனத்தார் நீராவி இயந்திரத்தோடு வந்து படுக்கையறை முழுவதையும் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் பார்த்தால் வாடை அப்படியே இருந்தது, சுவரோரத்துப் பார்க்கே துண்டுகள் இரண்டு மட்டும் ஈரம் குடித்து விளிம்பில் தூக்கிக்கொண்டு நின்றன. அவற்றின் மேல் கால் வைத்தால் இன்றும் டக்கென்று சத்தம் கேட்கும்.

ஈரம் காயுமுன் செய்ய வேண்டியது

கண்ணெதிரே நடந்துவிட்டது என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனெனில் முதல் ஐந்து நிமிடத்தில் செய்யும் வேலை பிறகு ஐந்து நாள் செய்யும் வேலைக்குச் சமம். விலங்கைத் திட்டாதீர்கள், அடிக்காதீர்கள். பயந்த பூனை அடுத்த முறை உங்கள் கண்ணுக்கு எட்டாத இடத்தைத் தேடிக்கொள்ளும், அதைக் கண்டுபிடிக்கும் பாடும் உங்களுடையதே.

கையுறை அணிந்துகொண்டு, சமையலறைக் காகிதத் துண்டுகளை நான்கைந்து மடிப்பாக ஈரத்தின் மேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்தி ஒற்றி எடுங்கள். தேய்க்கக்கூடாது, இழுத்துத் துடைக்கவும் கூடாது. தேய்க்கும்போது உள்ளங்கை அளவில் இருந்த ஈரம் தாம்பாளத்தின் அளவுக்குப் பரவி, ஓடுகளுக்கு இடையிலுள்ள கோடுகளில் இறங்கிவிடுகிறது. காகிதம் உலர்ந்தபடியே மேலே வரும்வரை மாற்றி மாற்றி ஒற்றுங்கள். பழைய செய்தித்தாளைப் பயன்படுத்துவோர், வெள்ளை மார்பிளில் அச்சுமை இறங்கிவிடும் என்பதால் அங்கே அதைத் தவிர்க்க வேண்டும். அதன் பிறகு சிறிதளவு குளிர்ந்த நீரைத் தெளித்து இன்னொரு முறை ஒற்றி எடுத்துவிட்டு, பின்னால் சொல்லப்போகும் நொதிக் கரைசலை ஊற்றுங்கள்.

மாப் குச்சியை எடுக்க வேண்டாம் என்பதை வீட்டிலுள்ள எல்லாருக்கும், குறிப்பாக இல்லப் பணிப்பெண்ணுக்கு, முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஒரே மாப்பையும் ஒரே வாளித் தண்ணீரையும் கொண்டு அந்த இடத்தையும் துடைத்து வரவேற்பறையையும் துடைத்தால், ஒரு மூலையில் இருந்ததை வீடு முழுவதும் மெல்லிய பூச்சாகப் பூசியதாகவே முடியும்.

பழைய இடங்களைக் கண்டுபிடிப்பது

வாடை இருக்கிறது, இடம் தெரியவில்லை என்ற நிலையில்தான் பெரும்பாலோர் இருப்பார்கள். இடத்தைக் கண்டுபிடிக்காமல் எந்தக் கரைசலை வாங்கினாலும் பணம் வீண். 365 முதல் 395 நானோமீட்டர் வரையிலான புற ஊதா ஒளியைத் தரும் கைவிளக்கு இணையக் கடைகளில் மலிவாகவே கிடைக்கிறது. இரவில் எல்லா விளக்குகளையும் அணைத்து, திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழகும்வரை சில நிமிடங்கள் காத்திருந்து, விளக்கைத் தரைக்கு மிக அருகில் பிடித்தபடி சுவரோரமாக நகருங்கள். காய்ந்த சிறுநீர் மங்கிய மஞ்சளாகவோ பச்சை கலந்த மஞ்சளாகவோ ஒளிரும். விளக்கை நேராகக் கண்ணில் அடிக்காதீர்கள், விலங்கின் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சலவைத்தூள் கறை, காகிதத் துகள், சில பசைகள் ஆகியவையும் இந்த ஒளியில் மின்னும். அவை பெரும்பாலும் நீலம் கலந்த வெண்மையில் பளிச்சென்று தெரியும் என்றாலும், நிறத்தை மட்டும் நம்பாமல் மூக்கைக் கொண்டுபோய் உறுதிசெய்துகொள்ள வேண்டும். முழங்காலிட்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் முகர்ந்து பாருங்கள். கேலியாகத் தோன்றினாலும் இதைவிடத் துல்லியமான கருவி வீட்டில் இல்லை. நான் அப்படித் தேடிய இரவில் சோபாவுக்குப் பின்னால் இருக்கும் என்று நம்பிய கறை அங்கே இல்லவே இல்லை. தொலைக்காட்சி மேசையின் பின்கால் ஒன்றில் ஏறத்தாழ ஓரடி உயரத்திலிருந்து நூல் போல ஒரு மஞ்சள் கோடு வழிந்திறங்கி, மேசைக்காலின் அடியில் ஒரு சிறு குளமாகத் தேங்கி, அங்கிருந்து ஓடுகளின் இடைக்கோட்டைப் பிடித்துக்கொண்டு நேராகச் சுவர்வரை போய், சுவரின் அடியோரம் பதித்த ஸ்கர்ட்டிங் பலகைக்கு அடியில் மறைந்திருந்தது. தரை சமமாக இருப்பதாக நாம் நினைக்கிறோம், திரவம் அப்படி நினைப்பதில்லை.

கண்ட இடங்களையெல்லாம் உடனே மாஸ்கிங் டேப்பால் சுற்றி அடையாளமிடுங்கள். விளக்கைப் போட்டதும் அந்தக் கறை கண்ணுக்கு முற்றிலும் மறைந்துவிடும், காலையில் எங்கே பார்த்தோம் என்றே நினைவிருக்காது. தரையிலிருந்து உயரத்தில் சுவரிலோ மேசைக்காலிலோ கறை தெரிந்தால், அது இடம் தவறிப் போன சிறுநீர் அன்று, எல்லையைக் குறிக்கப் பீய்ச்சியது என்று புரிந்துகொள்ளலாம்.

நொதிக் கரைசலைப் பயன்படுத்தும் முறை

என்சைம் என்று புட்டியில் எழுதியிருக்கும் நொதிக் கரைசலே இந்த வேலைக்கு உரிய பொருள். அதிலுள்ள நொதிகளும், சில தயாரிப்புகளில் அந்த நொதிகளைச் சுரக்கும் பாதிப்பில்லாத பாக்டீரியாக்களும், புரதங்களையும் யூரியாவையும் சிறு சிறு மூலக்கூறுகளாக உடைக்கின்றன. செல்லப்பிராணிக் கடைகளிலும் பேரங்காடிகளிலும் இணையத்திலும் பல பெயர்களில் கிடைக்கும். எந்தப் பெயரானாலும், நறுமணம் குறைவானதையே தேர்ந்தெடுங்கள், ஏனெனில் வாடை போய்விட்டதா அல்லது வாசனை அதை மூடிவிட்டதா என்று கண்டறிய வாசனையற்ற கரைசல்தான் உதவும்.

வாங்கியவர்களில் பாதிப்பேர் இது வேலை செய்யவில்லை என்று சொல்வார்கள். நான் விசாரித்த வரையில், எல்லாரும் இரண்டு முறை தெளித்து உடனே துடைத்தவர்கள். நொதிக்கு நேரமும் ஈரமும் வேண்டும். அது காய்ந்த கணமே வேலை நின்றுவிடும். மேலும், கரைசல் சிறுநீர் இறங்கிய ஆழத்துக்கே இறங்க வேண்டும். நாலைந்து கிலோ எடையுள்ள ஒரு பூனை ஒரு தடவை இரண்டு மேசைக்கரண்டி அளவுக்குப் போயிருந்தால், அதைக் காட்டிலும் கூடுதலான கரைசலை, கறையின் விளிம்பைத் தாண்டி நான்கு விரல் அகலம்வரை ஊற்ற வேண்டும்.

அந்த இடத்தை முன்பு டெட்டாலோ வெளுப்பு நீரோ சோப்போ கொண்டு துடைத்திருந்தால், முதலில் வெறும் நீரால் இரண்டு மூன்று முறை துடைத்து அவற்றின் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். கிருமிகளைக் கொல்லும் பொருள் நொதியையும் செயலிழக்கச் செய்துவிடும். பிறகு கரைசலை ஊற்றி, அதன்மேல் உணவைப் பொதியும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டிவிடுங்கள். மின்விசிறியின் காற்று நேராகப் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புதிய கறைக்குப் புட்டியில் சொல்லியிருக்கும் நேரமே போதும். பழைய கறைக்கு இரவு முழுவதும் விட்டு, காலையில் தாளை எடுத்து, ஈரத்தை ஒற்றி, தானாகக் காய விடுங்கள். காயும்போது வாடை முன்பைவிட அதிகமாக வரக்கூடும். அடங்கிக் கிடந்தது நனைந்து கிளம்புவதால் அப்படி ஆகிறது, பயப்பட வேண்டாம். முழுவதும் காய்ந்தபின் முகர்ந்து பார்த்து, தேவையானால் மறுபடியும் அதே வேலையைச் செய்யுங்கள். மேசைக்காலின் கீழே எனக்கு மூன்று முறை தேவைப்பட்டது.

தரைக்குத் தரை வேறுபடும்

நம் வீடுகளில் மிகுதியாக இருக்கும் ஹோமோஜீனியஸ் வகை ஓடுகள் தண்ணீரை ஏறத்தாழக் குடிப்பதே இல்லை. ஆகவே ஓட்டின் மேற்பரப்பைப் பளபளக்கத் தேய்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. வாடை இருக்கும் இடம், ஓடுகளுக்கு நடுவே குரௌட் என்று சொல்லும் அந்த இடைச்சாந்து. சிமெண்டாலான அது கடற்பஞ்சு போல் உறிஞ்சும். கறைபட்ட ஓட்டைச் சுற்றியுள்ள நான்கு கோடுகளிலும், திரவம் ஓடிய திசையில் அடுத்த இரண்டு மூன்று ஓடுகளின் கோடுகளிலும், மூக்குள்ள சிறிய புட்டியைக் கொண்டு கோட்டோடு கோடாக நொதிக் கரைசலை விடுங்கள். பழைய பல்துலக்கியால் மெதுவாக ஒருமுறை தேய்த்துக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றினால் கரைசல் உள்ளே இறங்கும். அதன் பிறகு முன்பு சொன்ன பிளாஸ்டிக் தாள். கம்பித் தூரிகை கூடாது, வினிகரை அடிக்கடி ஊற்றுவதும் கூடாது. இரண்டும் சாந்தை அரித்து அடுத்த முறை இன்னும் அதிகமாக உறிஞ்ச வைக்கும். வாடை முழுவதும் நீங்கி நன்றாக உலர்ந்த பிறகு, சாந்தின்மேல் பூசும் சீலர் திரவத்தை ஒரு கை பூசிவிட்டால் அடுத்த விபத்து மேலேயே நின்றுவிடும். வாடை நீங்குமுன் பூசினால் அதை உள்ளேயே வைத்துப் பூட்டியதாகிவிடும்.

சுவரும் தரையும் சேரும் இடம்தான் அடுத்த குற்றவாளி. ஸ்கர்ட்டிங் பலகை மரத்தாலோ பலகைத்தூளாலோ ஆனதாக இருந்து, அதன் அடிப்பக்கம் உப்பியிருந்தால், அந்தத் துண்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் பின்னாலுள்ள சுவரையும் நொதிக் கரைசலால் நனைத்துக் காயவிட்டுப் புதிய பலகையை வைத்து, அடி இடுக்கைச் சிலிக்கோனால் அடைப்பதே நல்லது. ஒரு துண்டுப் பலகையின் விலையோடு ஒப்பிட்டால் நீங்கள் அதன்மேல் ஊற்றப்போகும் கரைசலின் விலை அதிகம்.

மார்பிளும், பழைய வீவக வீடுகளில் மொசைக் என்று நாம் சொல்லும் தரையும் வேறு சாதி. மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். வினிகர், எலுமிச்சை போன்ற எந்த அமிலமும் பட்ட இடத்தில் அதன் மெருகு போய் வெளிறிய தழும்பு விழும். மொசைக் தரையிலும் மார்பிள் சில்லுகளும் சிமெண்டும் இருப்பதால் அதே கதிதான். நடுநிலையான, அமிலமில்லாத நொதிக் கரைசலை மட்டும் பயன்படுத்துங்கள், அதையும் முதலில் அலமாரிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள். மெருகு ஏற்கெனவே போய்விட்டிருந்தால் அது துப்புரவாளரால் தீராது, மார்பிள் மெருகிடுபவரால்தான் தீரும்.

பார்க்கே தரையில் நேரத்தோடு போட்டி போட வேண்டியிருக்கும். மரத்துண்டுகளின் இடுக்குகள் வழியே சிறுநீர் இறங்கி, அடியிலுள்ள பசையையும் சிமெண்டுத் தளத்தையும் அடைந்துவிடும். மேலே வார்னிஷ் நன்றாக இருக்கும்வரை, கரைசலைக் கொட்டாமல் நனைத்துப் பிழிந்த துணியில் எடுத்துக் கறையின்மேல் வைத்து, ஓரிரு மணி நேரம் மூடிவைத்து, உடனே உலர்த்த வேண்டும். இரவு முழுவதும் ஈரமாக விட்டால் மரம் உப்பிக்கொள்ளும். வார்னிஷ் தேய்ந்து மரம் கறுத்துவிட்டிருந்தால், அது மரத்தோடு அம்மோனியா வினைபுரிந்து ஏற்பட்ட நிறமாற்றம். துடைத்தெடுக்க அங்கே ஒன்றும் இல்லை. அந்தத் துண்டுகளை இழைத்து மறுபடி வார்னிஷ் பூச வேண்டும், அல்லது பெயர்த்துவிட்டு வேறு துண்டுகளைப் பதிக்க வேண்டும்.

வினைல் பலகைகளும் லேமினேட்டும் மேலே நீர் புகாதவை போலத் தோன்றினாலும் பூட்டிய இணைப்புகளின் வழியே திரவம் அடியில் போய்விடும். லேமினேட் என்றால் விளிம்பு வீங்குவதே அதற்கு அறிகுறி. ஒட்டாமல் பூட்டிப் பதித்த பலகையாக இருந்தால், சுவரோரத்திலிருந்து கழற்றி அடியிலுள்ள நுரைவிரிப்பை மாற்றிவிடலாம்.

கையிலிருக்கும் பொருள்களைக் கொண்டு ஒரு கலவை

நொதிக் கரைசல் வந்து சேர இரண்டு நாளாகும், அதுவரை பொறுக்க முடியவில்லை என்றால் ஒரு வீட்டுக் கலவை உண்டு. இதன் பிறப்பு சற்று வேடிக்கையானது. அமெரிக்க வேதியியலாளர் பால் கிரெபாம், ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் கந்தக நாற்றத்தைப் போக்க ஹைட்ரஜன் பெராக்சைடு, சமையல் சோடா, திரவச் சோப்பு மூன்றையும் சேர்த்த ஒரு முறையை 1993-இல் வெளியிட்டார். பூனையின் சிறுநீரிலும் தொல்லை தருவது கந்தகச் சேர்மம் என்பதால், அதே வேதியியல் இங்கேயும் கைகொடுக்கிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் 3 விழுக்காட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு 250 மில்லிலிட்டர், சமையல் சோடா ஒரு மேசைக்கரண்டி, பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் ஆகியவற்றை வாய் அகன்ற பாத்திரத்தில் கலந்து, உடனே கறையின்மேல் ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, துடைத்து, வெறும் நீரால் இரண்டு முறை துடைக்க வேண்டும்.

மிஞ்சியதைப் புட்டியில் ஊற்றி மூடி வைக்கவே கூடாது, வாயு பெருகிப் புட்டி வெடிக்கும். வினிகரையோ வெளுப்பு நீரையோ இதோடு சேர்க்காதீர்கள். பெராக்சைடு நிறத்தை வெளுக்கச் செய்யும் என்பதால் மரத்தரையிலும் கருநிற மார்பிளிலும் பயன்படுத்த வேண்டாம். ஓட்டின் இடைச்சாந்தில் இது நன்றாக வேலை செய்கிறது. நொதிக் கரைசலையும் இதையும் ஒரே நாளில் ஊற்றினால் பெராக்சைடு நொதியைக் கெடுத்துவிடும். ஒன்று முடிந்து தரை உலர்ந்த பிறகே மற்றது.

எதற்கும் மசியாத இடங்கள்

நாலைந்து முறை செய்தும் வாடை வருகிறது என்றால், சிறுநீர் சிமெண்டுத் தளத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது என்று பொருள். பல ஆண்டுகள் விலங்கு வளர்த்தவர்களிடமிருந்து வாங்கிய வீடுகளிலும், பழைய வாடகை வீடுகளிலும் இது நேரும். மேலுள்ள பார்க்கேயையோ வினைலையோ பெயர்த்து, சிமெண்டுத் தளத்தை நொதிக் கரைசலால் நனைத்து முழுவதும் உலர்த்தி, பிறகு ஷெல்லாக் எனப்படும் அரக்கை அடிப்படையாகக் கொண்ட ப்ரைமரைப் பூசினால் எஞ்சிய வாடை உள்ளேயே அடைபட்டுவிடும். பூசும்போது சன்னல்கள் திறந்திருக்க வேண்டும், விலங்கு வேறு அறையில் இருக்க வேண்டும். அதன்மேல் புதிய தரையைப் பதிக்கலாம். குத்தகை வீட்டில் குடியிருப்போர் இதில் கைவைக்குமுன் வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் ஒப்புதல் பெறுவது பின்னால் முன்பணத்தைக் காப்பாற்றும்.

உலர்த்துவதைப் பற்றி ஒரு வார்த்தை: சன்னலைத் திறந்து வைத்தால் காய்ந்துவிடும் என்ற நம்பிக்கை இங்கே மழைக்காலத்தில் பலிக்காது. ஈரப்பதம் நீக்கும் கருவி இருந்தால் அதையும், இல்லாவிட்டால் குளிர்சாதனத்தை ஈரம் நீக்கும் நிலையில் வைத்து மின்விசிறியையும் சேர்த்து ஓடவிடுங்கள்.

விலங்கையும் பாருங்கள்

கழிவுப் பெட்டியை ஒழுங்காகப் பயன்படுத்திய பூனை திடீரென்று தரையில் போகத் தொடங்கினால், தரையைச் சுத்தம் செய்வதற்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர்ப்பை அழற்சி, கற்கள், சிறுநீரகக் கோளாறு, நீரிழிவு எல்லாவற்றுக்கும் இதுவே முதல் அறிகுறியாக இருக்கலாம். ஆண் பூனை பெட்டியில் போய்ப் போய் உட்கார்ந்து முக்கியும் சொட்டுக்கூட வரவில்லை என்றால் அது அடைப்பு. மறுநாள்வரை காத்திருந்தால் உயிர் போகும், நள்ளிரவானாலும் அவசர மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

உடல்நலம் சரியாக இருந்தால் பெட்டியைப் பாருங்கள். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாகப் பெட்டிகள் வைப்பது பொதுவான பரிந்துரை. நம் வீட்டுப் பரப்பில் அது சிரமம் என்றாலும், ஒரு பூனைக்கு இரண்டு பெட்டிகளாவது இருக்கட்டும். சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தால், அது உறுமிச் சுழலும்போது பூனை பயந்து வேறு இடம் தேடும். எங்கள் வீட்டில் தொலைக்காட்சி மேசைக்கு வினை வந்தது இதனால்தான் என்று பிறகு புரிந்தது. பீய்ச்சும் பழக்கமுள்ள ஆண் பூனைக்குக் கருத்தடை செய்தால் பெரும்பாலும் அந்தப் பழக்கமும் குறையும், சிறுநீரின் நெடியும் குறையும். நாய்க்குட்டி என்றால், தூங்கி எழுந்ததும் சாப்பிட்டதும் கீழே அழைத்துச் செல்லும் ஒழுங்கு பழகும்வரை தரைவிரிப்புகளைச் சுருட்டி வைத்துவிடுங்கள்.

போய்விட்டதா என்று அறிய

உங்கள் மூக்கை நம்பாதீர்கள். ஒரே வாடையில் நாள்கணக்கில் இருக்கும் மூக்கு அதைப் பதிவுசெய்வதையே நிறுத்திவிடும். கறையிருந்த இடத்தில், வெறும் நீரில் நனைத்துப் பிழிந்த காகிதத் துண்டை விரித்து, அதன்மேல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு வீட்டில் குடியிருக்காத ஒருவரைக் கூப்பிட்டு, கிண்ணத்தைத் தூக்கியவுடன் முகரச் சொல்லுங்கள். அந்தக் கிண்ணத்துக்குள் ஒரு சிறிய மழைக்காலம் இருக்கிறது. எங்கள் வீட்டில் இந்த வேலைக்கு வாய்த்தவர் மூன்றாம் மாடியிலிருக்கும் என் சின்னம்மா. முதல் முறை கிண்ணத்தைத் தூக்கியதும் முகத்தைச் சுளித்தார், இரண்டாம் முறை யோசித்தார், மூன்றாம் முறை, “ஈரத்துணி வாசனைதான்டா வருது, வேற ஒண்ணுமில்ல,” என்றார். அன்றுதான் மாஸ்கிங் டேப்பைத் தரையிலிருந்து உரித்தேன்.